நீங்கள் அங்கே இல்லாதபோதும் ஓடவேண்டும்: கண்காட்சிகளுக்குத் தனியாளாகக் காட்சிப் பொருள் செய்து தருவது எப்படி

கண்காட்சிக்கு ஒன்றைச் செய்து தர ஒப்புக்கொள்ளும்போது முதலில் கேட்கவேண்டியது, இதைக் காலையில் யார் ஆன் செய்வார், மாலையில் யார் ஆஃப் செய்வார் என்பதுதான். வடிவம், வண்ணம், கருத்து எல்லாம் அப்புறம். நிறைய அரங்குகளில் வேலை முடிந்ததும் ஒரு காவலர் சுவரிலுள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவார். உங்கள் கம்ப்யூட்டரை மெனுவுக்குள் போய் முறையாக ஷட்டவுன் செய்வது அவருடைய வேலையே இல்லை, அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் அந்த ஒரு சுவிட்சிலேயே எல்லாம் அணைந்து, மறுநாள் அதே சுவிட்சிலேயே எல்லாம் தானாக எழுந்து ஓடவேண்டும். நான் ஒரு பொருளைத் திட்டமிடத் தொடங்குவது இங்கிருந்துதான், மற்ற முடிவுகள் பாதி தானாகவே அமைந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், 13 வாரம் என்றால் 624 மணி நேரம். அரை நிமிடத்துக்கு ஒருவர் பட்டனை அமுக்கினால் நாளைக்கு 960 முறை, மொத்தம் கிட்டத்தட்ட 75,000 முறை. பட்டறையில் நீங்கள் எத்தனை முறை சோதித்தாலும் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்த சின்ன சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) இந்த உழைப்பைத் தாங்காது. ஒரு கை மேலும் கீழும் அசையவேண்டும் என்றால் சர்வோவை முன்னும் பின்னும் திருப்புவதைவிட, ஒரே திசையில் மெதுவாகச் சுற்றும் கியர் மோட்டாரில் ஒரு கிராங்கை, அதாவது சுற்றை மேலும் கீழுமான அசைவாக மாற்றும் கையை, பொருத்தி அந்த அசைவை எடுப்பது நல்லது. திசை மாறும்போதெல்லாம் பல்சக்கரங்களில் விழும் அடி இல்லாமல் போகும், புரோகிராமே தேவைப்படாமலும் போகலாம். பட்டனுக்கு, ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களில் வரும் பெரிய பட்டன்கள்தான் சரி, லட்சக்கணக்கான அமுக்கல்களுக்கென்றே செய்யப்படுபவை அவை.

ஓய்வு கொடுப்பதும் வடிவமைப்புதான். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1996-இல் திறந்த டிங்கெலி அருங்காட்சியகத்தில் ழான் டிங்கெலியின் இயந்திரச் சிற்பங்கள் பல நாள் முழுக்க ஓடுவதில்லை. பார்வையாளர் பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், பிறகு சற்று நேரத்துக்கு அழுத்தினாலும் ஓடாது. பழைய இயந்திரங்களைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது, ஆனால் புதிதாகச் செய்வதற்கும் பொருந்தும். 20 விநாடி ஓட்டம், 40 விநாடி ஓய்வு என்று ஆரம்பத்திலேயே வைத்துவிட்டால் மோட்டாரின் உழைப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும், காத்திருக்கும் நேரத்தில் பார்ப்பவருக்கும் ஒரு ஆவல் வரும்.

இடத்தைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

படத்தையும் வரைபடத்தையும் அனுப்பிவிட்டு "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள். நேரில் போய் அளக்க வழியிருந்தால் போய்விடுங்கள், முடியாவிட்டால் அங்கிருக்கும் ஒருவரை அளவு நாடாவோடு வீடியோ அழைப்பில் நடக்கச் சொல்லுங்கள். அரங்கின் நீள அகலத்தை எல்லோரும் அளப்பார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அரங்கு வரை உள்ள ஒவ்வொரு கதவு, திருப்பம், லிஃப்ட், படிக்கட்டு ஆகியவற்றை அளப்பதுதான் விட்டுப்போகும். கதவின் அகலம் என்றால் கதவைத் திறந்தபிறகு கிடைக்கும் வழியின் அகலம், சட்டத்தின் அகலம் இல்லை.

கூரை உயரத்திலும் கவனம் வேண்டும். 2.4 மீட்டர் உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோய் நிமிர்த்தினால், நிமிரும் வழியில் அதன் மூலைவிட்டம் 2.47 மீட்டர் வரை எழும். 2.45 மீட்டர் கூரையில் அது நிமிரவே நிமிராது. நின்றால் இடம் போதும், ஆனால் நிற்கவைக்க முடியாது. இதற்கெல்லாம் தீர்வு ஒன்றுதான்: இரண்டு பேர் தூக்கக்கூடிய துண்டுகளாகப் பிரித்துச் செய்து அங்கே போய் நட்டு போல்ட்டில் பூட்டுவது. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூள் நாரை அழுத்திச் செய்யும் பலகை) முழுப் பலகை ஒன்றே ஏறக்குறைய 40 கிலோ இருக்கும் என்பதை வரையும்போதே மனதில் வையுங்கள். அதே அளவு பிளைவுட் கொஞ்சம் லேசு, திருகாணியும் நன்றாகப் பிடிக்கும், அடிக்கடி கழற்றிப் பூட்டவேண்டிய இடத்தில் நான் எம்டிஎஃப் வைப்பதே இல்லை. விளிம்பில் திருகாணி போட்டால் அது பிளக்கும், இரண்டாவது முறை கழற்றிப் போட்டால் மறை நிற்காது. வர்ணப் பூச்சு வழுவழுப்பாக வரவேண்டிய முகப்புக்கு மட்டும் எம்டிஎஃப், உள்ளே எலும்புக்கூடு மரமோ பிளைவுட்டோ.

அங்கே இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: மின் இணைப்பு எங்கே, எத்தனை ஆம்பியர், அந்த லைனில் வேறு என்ன ஓடுகிறது, சுவரில் டிரில் போடலாமா, கூரையிலிருந்து தொங்கவிடலாமா, வெயில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வரும். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் பெரும்பாலான சென்சார்களையும் ஆழம் அளக்கும் கேமராக்களையும் நேர் வெயில் குருடாக்கிவிடும். புரொஜெக்டர் படமும் வெளுத்துவிடும்.

புரொஜெக்டர் என்றால் த்ரோ விகிதம், அதாவது படத்தின் அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்பது, தெரியாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விகிதம் 1.5 என்றால் 3 மீட்டர் அகலப் படத்துக்கு 4.5 மீட்டர் தூரம் வேண்டும், அந்தத் தூரத்துக்குள் நடப்பவர் எல்லோருடைய நிழலும் படத்தில் விழும். விகிதம் 0.5 உள்ள ஷார்ட் த்ரோ புரொஜெக்டருக்கு அதே படத்துக்கு ஒன்றரை மீட்டர் போதும், ஆனால் திரை கொஞ்சம் வளைந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அட்டையில் முழு அளவில் செய்து பாருங்கள்

சின்ன மாதிரி பேச்சுவார்த்தைக்கு உதவும், முடிவெடுக்க உதவாது. தரையில் டேப் ஒட்டி, பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி முழு அளவில் நிறுத்திப் பாருங்கள், அதைச் சுற்றி நடங்கள், குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். சக்கர நாற்காலி ஒன்று முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும், அதைத் தரையில் வட்டமாக வரைந்துவிட்டால் பாதை போதுமா இல்லையா என்று யாரும் வாதாடவேண்டியதில்லை. சரிவுப் பாதை வைத்தால் 1:12-க்கு மேல் செங்குத்தாக வேண்டாம். படம் மாட்டுவதானால் படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ.க்குள் இருப்பது பெரும்பாலானவர்களின் கண்ணுக்கு ஒத்துவரும்.

இந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சான்ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரடோரியம். இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கியது. அங்கே காட்சிப் பொருட்கள் செய்யும் பட்டறையையே பார்வையாளர்கள் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள், அரைகுறை மாதிரிகளை மக்களிடம் விட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துத் திருத்தினார்கள். தனியாளுக்கும் இது முடியும். எந்த விளக்கமும் சொல்லாமல் நாலு பேரை அட்டை மாதிரியின் முன்னால் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருங்கள். கை எங்கே முதலில் போகிறது என்று மட்டும் பாருங்கள். பட்டன் இருக்கவேண்டிய இடம் அதுதான்.

அட்டைக் கட்டத்தில் கேட்கவேண்டிய இன்னொன்று: இதில் எவ்வளவைக் கட்டாமலே விடலாம்? கலைஞர் ஒலாஃபுர் எலியாசன் 2003-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் கூடத்தில் வைத்த சூரியனில் கட்டியது பாதி வட்டம்தான், கூரையில் போட்ட, பிரதிபலிக்கும் கண்ணாடிப் பரப்பு மீதிப் பாதியைக் கொடுத்தது, கூடமும் இரண்டு மடங்கு உயரமாகத் தெரிந்தது. நம் வேலை அவ்வளவு பெரிதில்லை என்றாலும் கணக்கு ஒன்றுதான். கண்ணாடி, நிழல், இருட்டு, ஒலி ஆகிய நான்கும் மரத்தையும் இரும்பையும்விட லேசானவை, வண்டியில் இடமும் கேட்காதவை.

கைகள், கால்கள், தலைகள்

முழங்கால் உயரத்தில் எதை வைத்தாலும் அதன்மேல் ஏறுவார்கள், இடுப்பு உயரத்தில் எதை வைத்தாலும் சாய்வார்கள். "தொடாதீர்கள்" பலகையை நம்பி எதையும் கட்டாதீர்கள், ஒரு பெரியவர் முழு எடையோடு சாய்ந்தாலும் கவிழாதபடி அடியில் எடை வையுங்கள், இல்லையென்றால் சுவரோடு பூட்டுங்கள். விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் இடைவெளிகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: விளையாட்டுத் திடல் தரநிலைகள் 8 முதல் 25 மி.மீ. வரையிலான துளைகளைக் குழந்தை விரலுக்கு ஆபத்தானவையாகக் கருதுகின்றன. அதற்குக் கீழே குறையுங்கள் அல்லது மேலே கூட்டுங்கள். அசையும் பாகம் இருந்தால் பெல்ட்டோ ஸ்லிப் கிளட்ச்சோ (அளவுக்கு மீறித் தடை வந்தால் வழுக்கும் இணைப்பு) வைத்து, கை மாட்டினால் மோட்டார் சுற்றினாலும் பாகம் நிற்கும்படி செய்துவிடுங்கள். துணி, நுரை, காகிதம் எதுவானாலும் தீப்பிடிக்கத் தாமதமாகும் தரம் உள்ளதா என்று அரங்கு நிர்வாகம் சான்றிதழ் கேட்கும், வாங்கும்போதே அந்தக் காகிதத்தை வாங்கிவையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

தொங்கவிடுவதில் சமரசமே கூடாது. கம்பிகளின் கோணம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்: 100 கிலோ பொருளை இரண்டு கம்பிகள் நேர் செங்குத்தாகத் தூக்கினால் ஆளுக்கு 50 கிலோ. அதே கம்பிகள் கிடைமட்டத்திலிருந்து 30 பாகையில் விரிந்து நின்றால் ஆளுக்கு 100 கிலோ. பொருள் அதேதான், சுமை இரண்டு மடங்கு. கம்பியின் அறுபடும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பதே எனக்கு அளவு. அதற்கு மேலும் ஒவ்வொரு தொங்கும் பொருளுக்கும் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி, வேறொரு பிடிமானத்திலிருந்து. எஃகுக் கம்பியின் முனையை மடக்கி யூ கிளிப் போட்டு இறுக்கும்போது கிளிப்பின் அகன்ற சேணப் பக்கம் சுமை தாங்கும் கம்பியின்மேலும், யூ போல்ட் வெட்டுமுனைப் பக்கக் கம்பியின்மேலும் உட்காரவேண்டும், மாற்றிப் போட்டால் சுமைக் கம்பியையே அது நசுக்கும். கூரை எவ்வளவு தாங்கும் என்பதை நீங்கள் ஊகிக்காதீர்கள், கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள், பெரிய எடை என்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்துக்குக் கொட்டேஷனிலேயே இடம் விடுங்கள்.

மின்சாரமும் மூளையும்

எல்இடி பட்டை மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர், 24 வோல்ட்டில் 3 ஆம்பியர். 24 வோல்ட்டுக்கே போங்கள், ஒயர் மெலிதாகும், பட்டையின் கடைசியில் வெளிச்சம் மங்குவதும் குறையும். பவர் சப்ளையை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள், 72 வாட்டுக்கு 90 வாட் சப்ளை. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அதை அடைத்துவைத்தால் எந்தக் கணக்கும் உதவாது. ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக நிறம் மாற்றும் 5 வோல்ட் டபிள்யூஎஸ்2812பி பட்டைகளில் இன்னும் கவனம் வேண்டும்: ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 300 விளக்குக்கு 18 ஆம்பியர். ஒரே முனையில் மின்சாரம் கொடுத்தால் மறுமுனையில் வெள்ளை சிவந்துபோகும், நடுவிலும் இரண்டு மூன்று இடங்களில் கொடுங்கள். பட்டையின் தரை (கிரவுண்ட்) ஒயரும் அதை இயக்கும் கன்ட்ரோலரின் தரை ஒயரும் இணைந்திருக்கவேண்டும், விளக்குகள் காரணமில்லாமல் மினுக்கினால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

ஒரு பட்டன், ஒரு மோட்டார் என்றால் டைமர் ரிலே (குறித்த நேரம் ஓடவிட்டுத் தானே அணைக்கும் சுவிட்ச்) போதும். கொஞ்சம் சிக்கலானால் ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் பலகை, அதைப் பாதியில் அணைத்தாலும் ஒன்றும் ஆகாது, மறுபடி மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து ஓடும். வீடியோ, ஒலி, கேமரா வேண்டுமானால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வரும், அதோடு மெமரி கார்டு பிரச்சினையும் வரும்: கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் கெட்டுப்போகலாம். நான் முதலில் சொன்ன காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பையின் அமைப்புகளில் ஓவர்லே கோப்பு முறையை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எத்தனை முறை அணைத்தாலும் கவலையில்லை. எல்லாம் சரியாக ஓடிய நாளில் அந்தக் கார்டின் நகல்கள் இரண்டு எடுத்து, ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். வைஃபையையும் இணையத்தையும் நம்பி ஓடும் எதையும் அரங்குக்குக் கொண்டுபோகாதீர்கள், திறப்பு நாளில் நூறு செல்போன்கள் வந்து நிற்கும்போதுதான் அது தடுமாறும். ஆள் வருவதைக் கண்டறியும் மலிவான பிஐஆர் சென்சார்களுக்கு ஆன் செய்தபின் நிலைப்பட ஒரு நிமிடம் வரை ஆகும், அந்த முதல் நிமிடம் வரும் சமிக்ஞைகளைப் புரோகிராமில் ஒதுக்கிவிடுங்கள்.

மெயின் மின்சாரத்தைத் தொடும் வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பார்வையாளர் கை படும் எதுவும் 24 வோல்ட்டுக்குள் இருக்கட்டும், உலோகச் சட்டங்களுக்கு எர்த் இருக்கட்டும்.

பணம்

இதைப் பேசக் கூச்சப்படுபவர்கள் அதிகம், அதனாலேயே நல்ல கைகாரர்கள் இந்த வேலையை விட்டுப் போகிறார்கள். கொட்டேஷனைத் தனித்தனி வரிகளாக எழுதுங்கள்: வடிவமைப்பு, மாதிரி, பொருட்கள், செய்கூலி, பேக்கிங், போக்குவரத்து, பொருத்துதல், இடையில் பராமரிப்பு, கழற்றுதல், பொருளைத் திரும்பக் கொண்டுவருதல். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் "கொஞ்சம் குறையுங்கள்" என்பார்கள், வரிகளாக எழுதினால் எதை நீக்குவது என்று பேசவேண்டியிருக்கும், அந்தப் பேச்சு உங்களுக்கு நல்லது. எதிர்பாராச் செலவுக்கென்று 10 முதல் 15 சதவீதம் வையுங்கள், அதை மறைக்காமல் வையுங்கள். மாற்றங்கள் இரண்டு சுற்று வரை, அதற்குமேல் தனிக் கட்டணம். எந்தத் தேதிக்குப் பிறகு வடிவம் மாறாது, ஒப்புதல் கையெழுத்து யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஐந்து பேர் கொண்ட குழு "ஓகே" சொல்வது ஒப்புதல் ஆகாது.

நான் கேட்பது 40 சதவீதம் முன்பணம், பட்டறையில் ஓடுவதைக் காட்டியதும் 40, அரங்கில் பொருத்தியதும் 20. முன்பணம் வராமல் ஒரு பலகைகூட வாங்குவதில்லை. கடைசித் தவணையைக் கண்காட்சி முடிவு வரை தள்ளிவைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், அது மாதக்கணக்கில் உங்கள் பணம் அவர்களிடம் கிடப்பதுதான். பொது விபத்துக் காப்பீடு யார் எடுப்பது, உங்கள் பெயர் பலகையில் வருமா, படம் எடுத்து வெளியிடலாமா, முடிந்தபின் பொருள் யாருக்கு, வரைபடங்களின் உரிமை யாருக்கு, எல்லாம் எழுத்தில்.

வரைபடங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கலைஞர்கள் கிறிஸ்டோவும் ழான் கிளாடும் 1995-இல் பெர்லினின் ராய்ஷ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தை முழுவதும் துணியால் போர்த்தி 14 நாள் வைத்தார்கள். அந்த யோசனை 1971-இல் தொடங்கியது, அனுமதிக்கு இருபது ஆண்டுகளுக்குமேல் போராடினார்கள், செலவுக்கு யாரிடமும் நன்கொடை வாங்காமல் கிறிஸ்டோ வரைந்த ஓவியங்களையும் மாதிரிகளையும் விற்றே பணம் சேர்த்தார்கள். உங்கள் கிறுக்கல்களைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த வாடிக்கையாளரிடம் உங்களுக்காகப் பேசுவது பெரும்பாலும் அவைதான்.

பொருத்தும் நாட்களும் அதற்குப் பிறகும்

பட்டறையில் ஒருமுறை முழுவதும் பூட்டி, ஓட்டி, கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் எண், ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் ஒரே எழுத்து. திருகாணிகளை ஒரே அளவு, ஒரே தலை என்று வைத்துக்கொண்டால் ஒரே திருப்புளியில் வேலை முடியும். அதிரும் இடங்களில் தானாகக் கழலாத நைலாக் நட்டு. அரங்கில் தரை மட்டமாக இருக்கும் என்று நம்பாமல் அடியில் உயரம் திருத்தும் கால்கள் வையுங்கள், ரசமட்டத்தை முதல் ஆளாக வெளியே எடுங்கள். பட்டி, உப்புத்தாள், அதே டப்பாவின் வர்ணம் கொஞ்சம் எப்போதும் கூட வரட்டும், எப்படிக் கொண்டுபோனாலும் ஒரு மூலை நசுங்கியிருக்கும். திறப்புக்கு முந்தைய நாளை வேலைக்கு வைக்காமல் சும்மா ஓடவிடவே ஒதுக்குங்கள்.

ஒப்படைக்கும்போது ஒரே பக்கத்தில் ஒரு கையேடு, பெரிய எழுத்தில், படத்தோடு: ஆன் செய்வது, ஆஃப் செய்வது, நின்றுபோனால் முதலில் என்ன செய்வது, அதற்கும் சரியாகாவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது. அதைப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், மின்னஞ்சலில் அனுப்பியது யாருக்கும் எட்டாது. ஸ்பேர் பட்டன், ஃபியூஸ், பெல்ட், பவர் சப்ளை பக்கத்திலேயே. முக்கியமாக, அரங்கில் தினமும் நிற்கும் ஊழியர்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்கள் பொருளை அதிக நேரம் பார்க்கப்போவது அவர்கள்தான், ஒரு பேரிங் கிறீச்சிடத் தொடங்குவதை முதலில் கேட்பவர்களும் அவர்களே. முதல் வாரக் கடைசியில் போய், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் உங்கள் பொருளைத் தொடுங்கள். தேய்மானத்தின் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்திலேயே முகம் காட்டிவிடும்.

கழற்றும் நாளுக்கும் ஆளும் நேரமும் வேண்டும், எல்லோரும் அவசரப்படும் நாள் அது. கழற்றுவதற்கு முன் தேய்ந்த இடங்களை அருகில் போய்ப் படமெடுங்கள், எந்தப் பரப்பில் கைரேகை படிந்து வர்ணம் போயிருக்கிறது, எந்த மூலையை ஷூக்கள் உதைத்திருக்கின்றன, எந்தப் பக்கத்தை யாருமே தொடவில்லை என்பதெல்லாம் அதில் தெரியும். சுவர்த் துளைகளை அடைத்து, வர்ணம் தொட்டு, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வெளியே வாருங்கள். திரும்பிவரும் மோட்டார், பவர் சப்ளை, சென்சார் ஒவ்வொன்றையும் சோதித்து, எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதி ஒட்டிவிட்டு அலமாரியில் வையுங்கள். 600 மணி நேரம் ஓடி இன்னும் சத்தமில்லாமல் சுற்றும் மோட்டாரை எந்த நிறுவனம் எந்த எண்ணில் விற்றது என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வேலைக்கு அதையேதான் வாங்கப்போகிறீர்கள்.